பள்ளிக்கூடமும் பட்டியலும்

1

நாகர்கோவில் என்றால் சிற்றிதழ் வாசகனுக்கு சுந்தர ராமசாமியின் ஊர். அதே பெயரில் இன்னொரு ஊர் இலங்கையில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில், கடற்கரை மணலில் இருக்கிறது. 1995 செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை, மதிய வேளையில் இலங்கை விமானப்படை அந்த ஊரின் மகாவித்தியாலயத்தின் மேல் குண்டு போட்டது. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நாள். இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் செத்தார்கள். ஊர்க்காரர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை முப்பதுக்கு மேல் போகிறது. எவ்வளவு மேலே என்பதில் ஒரு அறிக்கை இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை.

இந்த ஒவ்வாமையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். குறைத்துச் சொன்னவன் அரசின் ஆள், கூட்டிச் சொன்னவன் பிரசாரகன் என்று முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் செத்த பிள்ளைகளை எண்ணுவது, மரணக் கணக்குகளிலேயே மிகச் சுலபமானது. சந்தையில் குண்டு விழுந்தால் அன்று யார் யார் வந்திருந்தார்கள் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெரியும். வருகைப் பதிவேடு இருக்கிறது. அங்கே அதை இடாப்பு என்பார்கள். காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் குறித்திருப்பார்கள். மாலையில் வீடு திரும்பாதவர்களை அதோடு ஒத்துப் பார்த்தால் போதும். இத்தனை எளிய கணக்கு முப்பது வருஷம் ஆகியும் ஒரு பொது ஆவணத்தில் ஒரே எண்ணாக நிலைபெறவில்லை என்றால், அது கணக்கின் சிரமத்தால் நேர்ந்ததாக இருக்க முடியாது.

நேர்ந்தது இது. குண்டு விழுவதற்கு முந்தின நாள், செப்டம்பர் 21 அன்று, சந்திரிகா குமாரதுங்கவின் அரசு போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை கொண்டுவந்திருந்தது. கொழும்புப் பத்திரிகைகளுக்கு இந்தச் சம்பவத்தை எழுதச் சட்டப்படி வழியில்லை. காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வெளியே சொன்னார்கள். உலகத்துக்குத் தெரிந்தது அதனால்தான். இரண்டு மாதம் முன்னால், ஜூலை 9 அன்று, நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தபோது செஞ்சிலுவைச் சங்கம் உடனே அறிக்கை விட்டது. அது அரசுக்கு உவப்பாயில்லை. நவாலியில் கிடைத்த பாடத்தின் பலன்தான் தணிக்கை என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தணிக்கை வந்த மறுநாளே அதற்கு வேலை வந்துவிட்டது.

அக்டோபர் 17-ல் யாழ்ப்பாணத்தைப் பிடிப்பதற்கான ரிவிரெச தாக்குதல் தொடங்கிற்று. அக்டோபர் 30 இரவு வலிகாமத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அத்தனை பெரிய இடப்பெயர்வில் ஒரு கடற்கரைக் கிராமத்தின் பள்ளிக்கூடம் யார் நினைவிலும் தங்க நியாயமில்லை. பிறகு அந்தப் பக்கமே ராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவில் முன்னரங்கக் கோடு ஓடிய இடமாயிற்று. இடாப்பில் பெயர் இருந்தவர்களின் குடும்பங்கள் எங்கெங்கோ சிதறின. போர் ஓய்ந்து ஊர் திரும்பியவர்கள் செப்டம்பர் 22-ல் அதே பள்ளியில் கூடிப் பெயர்களைச் சொல்லி விளக்கேற்றுகிறார்கள். அந்தப் பெயர்கள் அவர்களிடம் இருக்கின்றன. அரசின் ஏட்டில் ஏறவில்லை.

2

அன்று எனக்கு ஏழு வயது; நானும் ஏதோ ஒரு பதிவேட்டில் உள்ளேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அந்தச் செய்தியை இந்தப் பக்கத்தில் யாரும் பேசிக் கேட்ட ஞாபகம் இல்லை. ஏழு வயதுக்காரனின் ஞாபகத்தை ஆதாரமாக வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த வருஷங்களின் தமிழ்நாட்டு மௌனத்துக்கு என் ஞாபகம் தேவையில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு தெருவுக்கு வந்த தமிழ்நாடு 1995-ல் வரவில்லை. இடையில் என்ன நடந்தது என்பது இந்த இடத்துக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது. கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கார் கம்பெனியிலும் செல்போன் கம்பெனியிலும் ஷிப்டு பார்க்கிறவர்கள். திருவண்ணாமலை, கடலூர்க்காரர்கள், இப்போது ஒடிசா, பீகார்க்காரர்களும். 1991-ல் பிறந்திராதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ராஜீவ் காந்தி நினைவிடம் என்பது கம்பெனி பஸ்ஸில் போகும்போது தென்படும் ஒரு இடம், அவ்வளவுதான். 1991 மே 21 இரவு அங்கே ராஜீவோடு ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் ஒரு பள்ளிச் சிறுமி. அவருக்கு ஒரு கவிதை படித்துக்காட்ட வேண்டுமென்று தன் தாயோடு வந்து நின்றிருந்தவள். தாயும் செத்தாள், மகளும் செத்தாள்.

அந்தச் சிறுமியின் மரணம் நீதிமன்றத்தில் கடைசிவரை விசாரிக்கப்பட்டது. பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-ல், உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்புச் சொல்லின. கைதிகளின் விடுதலை 2022 வரை இழுத்தது. இவ்வளவு நீண்ட சட்ட நடவடிக்கை முழுவதும் வேறொரு மனிதரின் பெயரால் நடந்தது. அந்தச் சிறுமி அதில் ஒரு எண். அவளுக்கு நீதி கிடைத்ததா இல்லையா என்ற கேள்வியைக்கூட யாரும் அவள் பெயரால் கேட்டதில்லை.

அவளுடைய மரணத்தையும் நாகர்கோவில் பிள்ளைகளின் மரணத்தையும் சேர்த்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 1992-ல் இந்தியா புலிகளைத் தடை செய்தது. அதற்கு முன்பே, மே 21-ன் மறுநாளிலிருந்தே, ஈழத்தைப் பற்றிப் பேசுவது தமிழ்நாட்டில் சந்தேகத்துக்குரிய காரியமாகிவிட்டது. புலியையும் அகதியையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை போலீசுக்கும் இருக்கவில்லை, பொதுஜனத்துக்கும் இருக்கவில்லை. இங்கே ஒரு சிறுமியைக் கொன்றவர்கள், நாலு வருஷம் கழித்து அங்கே செத்த பிள்ளைகளுக்காக இங்கே எழுந்திருக்கக்கூடிய குரலையும் சேர்த்துக் கொன்றார்கள். கொழும்பின் தணிக்கை இலங்கைக்குள்தான் செல்லும். தமிழ்நாட்டுக்கு வேண்டிய தணிக்கையை ஸ்ரீபெரும்புதூர் ஏற்கனவே செய்து வைத்திருந்தது.

3

வேறு இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். நாகர்கோவிலுக்கு ஆறு மாதம் கழித்து, 1996 மார்ச் 13 அன்று, ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு நுழைந்து 16 குழந்தைகளையும் ஒரு ஆசிரியையையும் கொன்றான். கல்லன் பிரபு தலைமையில் பகிரங்க விசாரணை நடந்து அதே வருஷம் அறிக்கை வந்தது. 1997-ல் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கு பிரிட்டன் கிட்டத்தட்ட முழுத் தடை விதித்தது. இதைச் சொல்லி வெள்ளைக்காரனின் நீதியுணர்வை மெச்சுவது என் நோக்கமல்ல. கொன்றவன் ஒரு தனி ஆள். அவனும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்துப்போனான். அரசு தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியிராத இடத்தில் விசாரணை சுலபம்.

பெஸ்லான் அப்படியல்ல. 2004 செப்டம்பர் 1 அன்று வடக்கு ஒஸெட்டியாவில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஆயுததாரிகள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் முடிவில் 334 பேர் செத்திருந்தார்கள்; 186 பேர் குழந்தைகள். கொலைகாரர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே பள்ளியின் மேல் டாங்கிகளாலும் எறிகணைகளாலும் சுட்டது ருஷ்ய அரசு. பெற்றோரும் உயிர் பிழைத்தவர்களுமாக நானூறுக்கும் மேற்பட்டோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 ஏப்ரலில் நீதிமன்றம் ருஷ்யாவின் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித் தீர்ப்பளித்தது. ருஷ்ய அரசு நல்ல அரசாக மாறிவிட்டதால் இது நடக்கவில்லை. அந்தத் தாய்மார்களிடம் பெயர், வயது, எங்கே எப்படிச் செத்தது என்ற விவரம் இருந்தது. அதை மறுக்க முடியாத அளவுக்கு அவர்கள் சேர்த்து வைத்திருந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே கும்பகோணம் இருக்கிறது. 2004 ஜூலை 16-ல் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகியது விபத்து, தாக்குதல் அல்ல. ஆனால் 94 என்ற எண்ணை யாரும் சர்ச்சை செய்ததில்லை. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் தமிழ்நாடெங்கும் இறங்கின. 2014-ல் தஞ்சாவூரில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் பெற்றோருக்குத் திருப்தியில்லை என்பது வேறு விஷயம். அதிருப்தி கொள்வதற்கேனும் அவர்கள் கையில் ஒரு தீர்ப்பு இருந்தது.

4

எண்ணிக்கை மட்டும் நிலைபெற்றுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு வள்ளிபுனம் சாட்சி. 2006 ஆகஸ்ட் 14 காலை, முல்லைத்தீவு மாவட்டத்தில் அந்த ஊரில் செஞ்சோலை என்று அறியப்பட்ட வளாகத்தின் மேல் இலங்கை விமானப்படையின் கிஃபிர் விமானங்கள் குண்டு போட்டன. செஞ்சோலை, போரில் பெற்றோரை இழந்த பெண்பிள்ளைகளுக்காகப் புலிகள் 1991-ல் தொடங்கிய இல்லத்தின் பெயர். அன்று அங்கே இருந்தவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பள்ளிகளிலிருந்து முதலுதவி முதலான பயிற்சிக்கு வந்திருந்த உயர்வகுப்பு மாணவிகள். தமிழர் தரப்பு 61 பேர் என்றது. அரசின் ஆவணம் பின்னால் 51 என்றது.

இந்த முறை தணிக்கை தேவைப்படவில்லை. யுனிசெஃப் ஊழியர்களும் நார்டிக் கண்காணிப்பாளர்களும் போய்ப் பார்த்தார்கள். ராணுவத் தளத்துக்கான அறிகுறி எதையும் காணவில்லை என்றார்கள் கண்காணிப்பாளர்கள். செத்தவர்கள் குழந்தைகள் என்று யுனிசெஃப் கண்டித்தது. அரசு எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அது புலிகளின் பயிற்சி முகாம், பதினேழு வயதுப் பெண்ணும் துப்பாக்கி எடுத்தால் போராளிதான் என்பது அதன் வாதத்தின் சாரம். காயம்பட்டு அரசுப் பகுதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று பெண்களைப் போலீஸ் காவலில் எடுத்து, பயிற்சிக்குத்தான் போனோம் என்று அவர்கள் வாயாலேயே சொன்னதாக அறிவித்தது. மூவரில் ஒருத்தி செத்துப்போனாள்.

என் உத்தியோகத்தில் இது தினப்படி விவகாரம். பதினெட்டு முடியாதவர்கள் மைனர். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் வந்தாலும் மைனர்தான். ஆள் எவ்வளவு உயரமாக, மீசையோடு வந்து நின்றாலும் பிறப்புச் சான்றிதழைத்தான் பார்ப்போம். குழந்தை உரிமைகளுக்கான 1989 உடன்படிக்கையும் பதினெட்டு என்றே சொல்கிறது. இலங்கை அதை 1991-ல் ஏற்றுக்கொண்ட நாடு. ஐந்நூறு ரூபாய் எடுப்பதற்குப் பார்க்கும் வயதை, ஐந்நூறு ராத்தல் குண்டு போடுகிறவன் பார்க்கமாட்டான் என்பது தெரிந்த விஷயம்தான். போட்ட பிறகு அவன் அந்த வயதைத் திருத்தவும் செய்கிறான் என்பதை வள்ளிபுனம் காட்டியது.

5

இங்கே நிறுத்திக்கொண்டால் இந்தக் கட்டுரை நம்மவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போகும். ஆனால் அந்த அரசின் பொய் ஏன் பலரிடம் எடுபட்டது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அது எடுபட்டதற்குக் காரணம், புலிகள் உண்மையிலேயே பள்ளிப் பிள்ளைகளைப் படையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. யுனிசெஃப் அப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பதிவு செய்திருக்கிறது. 2003-ல் அவர்களை விடுவிப்பதற்கென்று புலிகளோடு ஒரு செயல்திட்டமே போட வேண்டியிருந்தது. 2004-ல் கருணா பிரிந்த பிறகு அவர் தரப்பும் அதே வேலையைச் செய்தது, அரசுப் படைகள் பார்த்துக்கொண்டிருக்கவே. பள்ளிக்கூடத்துக்கும் பாசறைக்கும் நடுவில் இருந்த சுவரை முதலில் இடித்தவர்கள் நம்முடையவர்கள். இடிந்த சுவர் வழியாக விமானம் வந்தது. இதனால் விமானியின் குற்றம் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் குழந்தை என்ற சொல்லை அந்தப் பெண்களுக்காக நாம் உரக்கச் சொன்னபோது கேட்டவர்கள் ஏன் தயங்கினார்கள் என்பது இதனால் விளங்குகிறது.

இன்னொன்று. 2006 கடைசியில் ராஜபக்‌ஷ அரசு உடலாகம ஆணைக்குழுவை அமைத்து 16 சம்பவங்களை விசாரிக்கச் சொன்னது. அதை மேற்பார்க்க நம்முடைய முன்னாள் தலைமை நீதிபதி பி. என். பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழு ஒன்றும் வந்தது. விசாரணை உலகத் தரத்துக்கு நடக்கவில்லை என்று சொல்லி 2008-ல் அது விலகிக்கொண்டது. அந்தப் பதினாறில் செஞ்சோலையும் உண்டு. அதே தாளில் கெப்பித்திகொல்லாவ என்ற பெயரும் உண்டு. 2006 ஜூன் 15 அன்று, செஞ்சோலைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, அனுராதபுரம் மாவட்டத்தில் அந்த ஊருக்கருகே கிராமத்து பஸ் ஒன்று கண்ணிவெடியில் சிதறி அறுபதுக்கும் மேற்பட்ட சிங்களவர்கள் செத்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். புலிகள் மறுத்தார்கள். நமக்கு அந்த மறுப்பு சௌகரியமாக இருந்தது.

1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றபோது, தகப்பனோடு தொழ வந்த சிறுவர்களும் அதில் செத்தார்கள். பள்ளிவாசலைப் பள்ளி என்று சொல்கிற மொழி நம்முடையது. அந்தப் பள்ளியில் செத்த பிள்ளைகள் நம்முடைய பட்டியலில் ஏறாததற்கு எந்த அரசின் தணிக்கையையும் காரணம் காட்ட முடியாது.

6

கடைசியாக, இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது நம் கவிதையில் உடனடியாக ஒரு குறியீடாயிற்று. எழுதுகிறவனுக்குப் புத்தகம் எரிவது தன் உடம்பு எரிவது மாதிரி, அதில் தப்பில்லை. 1985-ல் வந்த மரணத்துள் வாழ்வோம் தொகுப்பிலிருந்து ஈழக்கவிதை நமக்குச் சாவைப் பற்றி எழுதும் ஒரு மொழியையே கற்றுக் கொடுத்தது. ஆனால் செத்த குழந்தைகள் விஷயத்தில் நம் மேடைக் கவிதையும் நினைவு மலர்க் கவிதையும், சில சமயம் நம் சிற்றிதழ்க் கவிதையும்கூட, ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. மொட்டு, மலர், உதிர்தல், பிஞ்சு, தளிர். செஞ்சோலை என்ற பெயர் வேறு தோட்டத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டது.

பூ என்று சொன்ன கணமே அந்தப் பெண் மறைந்துபோகிறாள் என்பது என் புகார். பூவுக்கு வயதில்லை, வகுப்பில்லை, ஊரில்லை. பூவை யாரும் குறிவைப்பதில்லை. அது தானே உதிரும். கொலையை இயற்கையின் காரியமாக மாற்றிவிடும் உவமை அது. அதைவிட மோசம், பூவை யாரும் தன் கொடியில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். கணக்குப் பரீட்சையில் தோற்றவளை, தம்பியோடு சைக்கிளுக்குச் சண்டை போட்டவளை அப்படிக் கட்டிக்கொள்வது அத்தனை எளிதல்ல. அரசு அவளைப் போராளி என்று சொல்லிக் குழந்தையின் பட்டியலிலிருந்து அடித்தது. நாம் மலர் என்று சொல்லி மனுஷியின் பட்டியலிலிருந்து அடித்தோம்.

கவிதையே எழுத வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு குமாஸ்தா வேலை இருக்கிறது, அது இன்னும் முடியவில்லை என்கிறேன். நாகர்கோவில் பெயர்கள் அந்த ஊர்க்காரர்களிடம் இருக்கின்றன. வள்ளிபுனத்துப் பெயர்களும் அந்தந்தக் குடும்பங்களிடம் இருக்கின்றன. காத்தான்குடி தன் பிள்ளைகளின் பெயர்களை மறக்கவில்லை. கெப்பித்திகொல்லாவயில் செத்த சிறுவர்களுக்கும் பெயர்கள் உண்டு, சிங்களத்தில். ஸ்ரீபெரும்புதூர்ச் சிறுமியின் பெயர் வழக்குக் கட்டில் இருக்கிறது. குடும்பங்களின் சம்மதத்தோடு இவற்றை வாங்கி, சரிபார்த்து, பெயர், வயது, வகுப்பு என்று மட்டும், அடைமொழி எதுவும் இல்லாமல், தமிழ் எழுத்தில் ஒரே பட்டியலாக அச்சிட வேண்டும். வரிசை தேதிப்படி. யாரால் செத்தார்கள் என்பதை வைத்துப் பக்கம் பிரிக்கக் கூடாது.

இப்படி ஒரு பட்டியல் வந்தால் ஈழ ஆதரவாளர் ஒருவருக்கு நாலு பக்கத்தைக் கிழிக்கத் தோன்றும், எதிர்ப்பாளர் ஒருவருக்கு வேறு நாலு பக்கத்தை. கிழித்த பிறகு மிஞ்சுவதை அவர்கள் எப்போதும்போல் மேடையில் வாசிக்கலாம். கிழிக்காமல் முழுசாகப் படிக்கக்கூடியவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. ஆசிரியர் பக்கப் பற்றாக்குறை என்று சொல்லக்கூடும். எட்டுப் பாயின்ட் எழுத்தில், இரண்டு பத்தியாக அச்சிட்டால், கவிதைகளுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.